டேண்டம் சைக்கிள்: எந்த போல்ட்டை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது? – வாசகர் கேள்வி பதில்

இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் எடை குறைந்த, துருப்பிடிக்காத போல்ட், நட், பாகங்களைப் பொருத்துவது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். முன்னால் அமர்ந்து திருப்புபவரை ‘கேப்டன்’ என்றும் பின்னால் மிதிப்பவரை ‘ஸ்டோக்கர்’ என்றும் சொல்வது வழக்கம். பதில்களிலும் அப்படியே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் டேண்டமில் உள்ள எல்லா போல்ட்டுகளையும் டைட்டானியத்துக்கு மாற்றினால் எவ்வளவு எடை குறையும்? ஏற்றத்தில் வித்தியாசம் தெரியுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். இரும்பு போல்ட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். போல்ட்டுக்குப் பயன்படும் கிரேடு 5 டைட்டானியத்துக்கு 4.43. ஒரே அளவுள்ள போல்ட்டை மாற்றினால் அதன் எடையில் 44 சதவீதம் குறையும். 16 மி.மீ. நீளமுள்ள எம்5 (5 மி.மீ. விட்டம்) ஆலன் போல்ட் இரும்பில் சுமார் 4 கிராம், டைட்டானியத்தில் 2 கிராமைக் கொஞ்சம் தாண்டும். தண்ணீர் பாட்டில் கூண்டு, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம், பிரேக், டிஸ்க் எல்லாம் சேர்த்து 50 சிறு போல்ட்டுகளை மாற்றினீர்கள் என்று வையுங்கள். குறைவது ஏறக்குறைய 100 கிராம்.

இருவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து மொத்தம் 160 கிலோ என்றால் அந்த 100 கிராம் 0.06 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் ஏற்றத்தில் இரண்டு விநாடி மிச்சம். எடைக்காக மட்டும் என்றால் போல்ட்டில் கை வைக்கவே வேண்டாம். டயர், டியூப், இரண்டு சீட், ஸ்டோக்கரின் ஸ்பிரிங் சீட் போஸ்ட், பின்புறக் கேரியர் ஆகிய இடங்களில் கிலோ கணக்கில் பேசலாம்.

ஆனால் துருவுக்காக என்றால் கதையே வேறு. டேண்டமை அடிக்கடி பிரித்துப் போட யாருக்கும் மனம் வராது. நீளம் அதிகம், பாகங்கள் அதிகம், எங்கே வைத்துக் கழற்றுவது என்ற தொல்லை வேறு. அதனால் போல்ட்டுகள் வருடக்கணக்கில் அப்படியே இருந்து இறுகிப் போகின்றன. வியர்வையும் மழையும் உப்புக் காற்றும் படும் இடங்களில் துருப்பிடிக்காத போல்ட் போடுவது வீண்செலவு அல்ல. மாற்றுவதற்கான காரணம் அதுதான்.

கேள்வி: டைட்டானியம் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாமா?

எல்லாவற்றையும் கூடாது. தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

போல்ட் தலையைப் பாருங்கள். ‘ஏ2-70’ என்று இருந்தால் அது சாதாரண ஸ்டெயின்லெஸ். இழுவலிமை, அதாவது இழுத்தால் அறும் வரை தாங்கும் அளவு, 700 மெகா பாஸ்கல். ‘ஏ4’ என்றால் கடலோர உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் வகை. அதிலும் 70, 80 என்று வலிமை எண் உண்டு. சைக்கிளோடு வரும் கருப்பு ஆலன் போல்ட்டுகளில் பெரும்பாலும் 8.8, 10.9 அல்லது 12.9 என்று பொறித்திருக்கும். 8.8 என்றால் 800, 10.9 என்றால் 1,000, 12.9 என்றால் 1,200 மெகா பாஸ்கல். இதைவிட முக்கியமானது, போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு. 12.9 போல்ட்டுக்கு அது சுமார் 1,100; ஏ2-70க்கு 450தான். அதாவது, ஸ்டெம்மில் இருந்த 12.9 போல்ட்டை எடுத்துவிட்டுப் பளபளப்பான ஏ2-70ஐப் போட்டால், பிடிமானம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

எந்த போல்ட் உடைந்தால் ஆள் விழுவாரோ, பிரேக் போகுமோ, அதில் ஸ்டெயின்லெஸ் வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம், சீட்டைப் பிடிக்கும் போல்ட், பிரேக் காலிப்பர், பெடலைத் தாங்கும் கிராங்க் ஆகியவை இந்த வகை. இவற்றில் கம்பெனி போட்ட அதே வலிமை எண் கொண்ட இரும்பு, அல்லது வலிமையை எழுதித் தரும் தயாரிப்பாளரின் கிரேடு 5 டைட்டானியம். கிரேடு 5இன் இழுவலிமை 900 மெகா பாஸ்கலுக்குக் குறையாது. எனவே 8.8க்கு மாற்றாகப் போடலாம், 12.9 இருந்த இடத்தில், அந்தப் பாகத்தைச் செய்தவரே டைட்டானியத்தை அனுமதித்திருந்தால் மட்டும் போடுங்கள்.

பாட்டில் கூண்டு, மட்கார்டு கம்பி, கேபிள் கவ்விகள், மணி, விளக்கு ஆகியவற்றுக்கு ஏ4 ஸ்டெயின்லெஸ் தாராளமாகப் போதும். கேரியரில் பொருள் ஏற்றுபவர்கள் அதன் அடிப் போல்ட்டை மட்டும் 8.8க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்ட இடத்தில் அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி கிளம்புகிறது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்றார்களே?

போல்ட் அரிக்கவில்லை, அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம்தான் அரிக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு நீர் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். இரண்டில் பலவீனமானது கரையும். ஸ்டெயின்லெஸ், டைட்டானியம், கார்பன் ஃபைபர் மூன்றுக்கும் முன்னால் அலுமினியம் பலவீனமான பக்கம். கார்பன் சட்டத்தில் பதித்த அலுமினிய மரைக்கூடு இதில் சீக்கிரம் போவது அதனால்தான். வெள்ளைப் பொடிக்கு அரித்த உலோகத்தைவிட இடம் அதிகம் வேண்டும். மரைக்குள் உப்பி போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆலன் கீ வழுக்கி, தலைக்குழி உருண்டையாகிவிடும்.

போல்ட்டைக் கழற்றுங்கள். எம்5 என்றால் 0.8 மி.மீ. புரி இடைவெளி கொண்ட மரை வெட்டும் டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டி மரையைச் சுத்தம் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, இறுகல் தடுப்புப் பசையை மரை முழுதும் மெல்லிசாகப் பூசுங்கள். அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுக்கு உலோகத்தூள் இல்லாத செராமிக் வகைப் பசை நல்லது. செம்புத்தூள் கலந்தது உப்புக் காற்றில் அலுமினியத்துக்கு இன்னொரு எதிரி. தலைக்கு அடியில் நைலான் வாஷர் போட்டால் தண்ணீர் தேங்குவதும் குறையும். இந்த வாஷர் பாட்டில் கூண்டு மாதிரி இலேசான இடங்களுக்கு மட்டும். ஸ்டெம்மிலோ பிரேக்கிலோ வைத்தால் இறுக்கம் தளர்ந்துவிடும்.

கேள்வி: டைமிங் செயின் (இருவரின் கிராங்கையும் இணைக்கும் செயின்) பக்கமுள்ள கிராங்கில் அலுமினிய செயின்ரிங் (கிராங்கில் உள்ள பற்சக்கரம்) போல்ட் போட்டோம். சில மாதங்களில் இரண்டு உடைந்தன. இறுக்கியதில் தவறா?

இறுக்கியதிலும் தவறு இருக்கலாம். ஆனால் அதற்கு முன், எந்த போல்ட் யாருடைய பலத்தைச் சுமக்கிறது என்று பாருங்கள்.

வழக்கமான டேண்டமில் கேப்டனின் கிராங்கிலிருந்து இடது பக்க டைமிங் செயின் வழியாக பலம் ஸ்டோக்கரின் கிராங்குக்கு வருகிறது. அங்கிருந்து பின் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் கூடு) அச்சு வழியாக வலது பக்கம் போய், வலது செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் எழுந்து நின்று 170 மி.மீ. கிராங்கை மிதித்தால் சுமார் 135 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அது 39 பல் டைமிங் ரிங்கில் 1,700 நியூட்டன் இழுப்பாக மாறுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் அப்படி மிதித்து, வலது பக்கம் செயின் 30 பல் சின்ன ரிங்கில் இருந்தால் 4,500 நியூட்டன், அதாவது 450 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு. தனியாள் சைக்கிளுக்குச் செய்த அலுமினிய போல்ட்டுக்கு இது இரட்டிப்புச் சுமை.

செயின்ரிங் போல்ட்டின் வேலை ரிங்கை கிராங்கின் கையோடு நெருக்கிப் பிடிப்பதுதான். அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. அலுமினிய போல்ட்டை இரும்பு அளவுக்கு இறுக்கினால் அது நீண்டு உயிர் போகும். குறைத்து இறுக்கினால் ரிங் நுண்ணிதாக அசைந்து போல்ட்டை வெட்டும். அலுமினியத்துக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், இரும்புக்கு 12 முதல் 14 என்பது பொதுவான எல்லை. டேண்டமில் டைமிங் பக்கமும் வலது பக்கமும் இரும்பு போல்ட்டே போடுங்கள். ஒரு ரிங்குக்கு ஐந்து போல்ட் என்று மூன்று ரிங் வைத்தாலும் இழப்பது முப்பது கிராம் வரும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இருவரும் இடது காலை அழுத்தும்போது இருவர் பலமும் ஒன்றாக ஸ்டோக்கரின் அச்சு வழியாகத்தான் இடமிருந்து வலம் கடக்கிறது. தனியாள் சைக்கிளில் எந்த அச்சும் இப்படிச் சுமப்பதில்லை. எனவே எடை குறைக்கும் ஆசையில் பின் அச்சுக்கு டைட்டானிய ஸ்பிண்டிலோ, கிராங்கைப் பிடிக்கும் போல்ட்டுக்கு அலுமினியமோ வேண்டவே வேண்டாம். சதுர முனை அச்சு என்றால் கிராங்க் போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் தயாரிப்பாளர் சொன்னபடி இறுக்கி, முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி சோதியுங்கள். அந்த போல்ட் எம்8, 1.0 மி.மீ. நுண்புரி, கடையில் கிடைக்கும் 1.25 புரி எம்8 போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் அச்சே பாழ்.

இடது பக்கத்துக்கு கிராங்க் வாங்கும்போது அது டேண்டமுக்கான இடது கிராங்கா என்று பாருங்கள். வலது கிராங்கை இடது பக்கம் மாட்டினால் பெடல் மரை தலைகீழாகி, மிதிக்க மிதிக்கப் பெடல் கழன்றுவரும்.

கேள்வி: கேப்டனின் சீட் போஸ்ட் சட்டத்தோடு ஒட்டிப்போய்விட்டது. அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

டேண்டமுக்கே உரிய நோய் இது. ஸ்டோக்கரின் ஹேண்டில்பார் ஸ்டெம் கேப்டனின் சீட் போஸ்ட்டைக் கவ்வியிருக்கிறது. உயரத்தை ஒருமுறை அமைத்துவிட்டால் யாரும் தொடுவதில்லை. மேலிருந்து வியர்வையும் மழையும் இறங்கி உள்ளே தங்குகின்றன.

முதலில் போஸ்ட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டோக்கர் ஸ்டெம்மின் போல்ட்டுகளை முழுதாகத் தளர்த்தி மேலே தூக்கிவிடுங்கள். சட்டத்தின் கவ்வியையும் கழற்றுங்கள். ஊடுருவும் எண்ணெயை மேல் விளிம்பில் சுற்றிலும் விடுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, கேப்டனின் பாட்டம் பிராக்கெட்டில் உள்ள எக்சென்ட்ரிக்கைக் (டைமிங் செயினை இறுக்கத் திருப்பும், மையம் விலகிய உருளை) கழற்றினால் பெரும்பாலான சட்டங்களில் சீட் குழாயின் அடிவாய் தெரியும், அங்கிருந்தும் விடுங்கள். ஒரு நாள் ஊற வையுங்கள். பிறகு பழைய சீட் ஒன்றை மாட்டி, இருபுறமும் திருகிப் பாருங்கள். திருகுவதுதான் வேலை, மேலே இழுப்பது பிறகு.

இரும்புச் சட்டத்தில் அலுமினிய போஸ்ட் என்றால் சூடாக்காதீர்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். மாறாக, போஸ்ட்டின் உள்ளே ஐஸைப் போட்டுக் குளிர வையுங்கள்; அது சட்டத்தைவிட அதிகமாகச் சுருங்கி ஒட்டலை உடைக்கும். எதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி, போஸ்ட்டை மேலே அறுத்துவிட்டு, உட்புறமாக நீளவாக்கில் ரம்பத்தால் கீறி உள்ளே மடக்கி எடுப்பது. அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினாலும் சட்டம் போய்விடும்.

மறுபடி பொருத்தும்போது உலோகத்துக்கு உலோகம் என்றால் இறுகல் தடுப்புப் பசை, கார்பன் சம்பந்தப்பட்டால் மணல் துகள் கலந்த கார்பன் பசை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஸ்டோக்கர் இழுக்கும் வேகத்தில் கேப்டனின் சீட் லேசாகத் திரும்புகிறது என்று சிலர் சட்டத்தின் கவ்வியை அளவுக்கு மேல் முறுக்குகிறார்கள். அது போஸ்ட்டையும் நெரித்து, கவ்வி போல்ட்டையும் நீட்டிவிடும். கவ்வும் இடத்தில் அந்தக் கார்பன் பசையைக் கொஞ்சம் தடவுங்கள். உலோகத்திலும் வேலை செய்யும்.

ஸ்டோக்கருக்கு முன்னால் வரும் பள்ளம் தெரியாது. எழாமல் உட்கார்ந்தபடியே அடியை வாங்குகிறார். அவர் சீட் போஸ்ட்டின் தலை போல்ட்டுகளில் எடை குறைக்கும் முயற்சி வேண்டாம்.

கேள்வி: எக்சென்ட்ரிக்கைச் சுழற்ற முடியவில்லை. டைமிங் செயினும் தொங்குகிறது.

அலுமினிய எக்சென்ட்ரிக் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் மேலே சொன்ன அதே அரிப்புதான். அடியிலிருந்து திருகாணி அழுத்தும் வகையில், திருகாணி முனை குழி விழுத்தி, புதிய நிலைக்குத் திருப்பினாலும் பழைய குழிக்கே போய் உட்காரும். குழியைச் சுற்றி மேடாகக் கிளம்பிய உலோகத்தை அரத்தால் தட்டையாக்குங்கள். எக்சென்ட்ரிக்கைச் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் புது இடம் கிடைக்கும். அப்படி நகர்த்தினால் செயின் நேர்கோட்டையும் சரிபாருங்கள். கூட்டை நன்றாகத் துடைத்து, தண்ணீரில் கரையாத கடல்வகை கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். திருகாணியை மட்டும் ஏ4 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றலாம். அது அழுத்தத்தில் வேலை செய்வது, இழுப்பில் அல்ல.

செயின் நடுவில் மேலும் கீழுமாக 10 முதல் 12 மி.மீ. ஆடினால் சரி. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தொங்கினால் ரிங் மையத்தில் இல்லை. போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி ரிங்கை மரச்சுத்தியால் லேசாகத் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள்.

கேள்வி: டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட் போடலாமா?

துருவைப் பொறுத்தவரை இதைவிட நல்ல மாற்றம் இல்லை. இரண்டு பாட்டம் பிராக்கெட்டுகளுக்கு இடையே 720 மி.மீ., ரிங் 39 பல் என்றால் 152 கண்ணிகள் வேண்டும். ஒரு சாதாரணச் செயின் 116 கண்ணிதான் வரும்; இரண்டை இணைக்க வேண்டும். அவ்வளவு நீளச் செயினின் எடை 400 கிராம் அளவில் இருக்கும். பெல்ட்டில் அந்த எடையும் எண்ணெயும் கிடையாது.

ஆனால் பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. உங்கள் அச்சு இடைவெளிக்குப் பொருந்தும் நீளமும் பல் எண்ணிக்கையும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டு பற்சக்கரமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சாய்ந்தால் விளிம்பு தேயும். செயினைவிட அதிக இழுவிசை வேண்டும் என்பதால் எக்சென்ட்ரிக் நழுவாமல் நிற்க வேண்டும். மடித்தாலும் முறுக்கினாலும் உள்ளிருக்கும் கார்பன் இழை முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு ஓடும்போது அறும்.

செயினே போதும் என்றால் நிக்கல் பூசிய 8 ஸ்பீடு செயின் போடுங்கள். பூச்சு தேய்ந்த இடத்தில் துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய் விடுவது நிற்காது.

கேள்வி: சக்கரத்துக்கு அலுமினிய நிப்பிள் (ஸ்போக்ஸை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்) போட்டால்?

வேண்டாம். பித்தளை நிப்பிள் ஒரு கிராம், அலுமினியம் 0.3 கிராம். சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் வீதம் 80 நிப்பிளில் மிச்சம் 55 கிராம். பதிலுக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸோடு அலுமினியம் அரித்து ஒட்டிக்கொள்ளும், தலை வெடிக்கும். கார்பன் ரிம் என்றாலோ அம்மோனியா கலந்த டியூப்லெஸ் திரவம் என்றாலோ இன்னும் சீக்கிரம். டேண்டமின் பின்சக்கரத்தில் ஒரு நிப்பிள் போனால் பக்கத்து ஸ்போக்ஸ் மேல் விழும் சுமை தனியாள் சைக்கிளைப் போல அல்ல. கட்டும்போது ஸ்போக்ஸ் மரையிலும் நிப்பிள் உட்காரும் குழியிலும் எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: டிஸ்க்கைப் பிடிக்கும் ஆறு போல்ட்டுகளை டைட்டானியமாக மாற்றலாமா?

நல்ல கிரேடு 5 என்றால் மாற்றலாம்; அலுமினியம் மட்டும் ஒருபோதும் கூடாது. காரணம் சுமை: 160 கிலோ எடை 300 மீட்டர் உயரம் இறங்கினால் பிரேக்கும் காற்றும் சேர்ந்து விழுங்க வேண்டிய ஆற்றல் 470 கிலோ ஜூல். இங்கே மரையில் இறுகல் தடுப்புப் பசை பூசாதீர்கள். நடுத்தர வலிமையுள்ள மரைப் பூட்டுப் பசை இரண்டு சொட்டு. தளர்வையும் தடுக்கும், உலோகங்களையும் பிரித்து வைக்கும். எதிரெதிராக மாற்றி மாற்றி, டிஸ்க் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர், இறுக்குங்கள்.

கேள்வி: இறுகல் தடுப்புப் பசை பூசிய மரையில் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் கருவி) அளவை மாற்ற வேண்டுமா?

பாகத்தின் குறிப்பில் ‘மசகிட்ட மரைக்கு’ என்று இருந்தால் அதே அளவு. உலர்ந்த மரைக்கு என்றால் 10 முதல் 20 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். வழுக்கல் கூடினால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். டைட்டானியத்தை உலர்ந்தபடி ஏற்றவே கூடாது. மரையோடு மரை பற்றிக்கொண்டு பாதியில் நின்றுவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் சேர்ந்தாலும் இதே ஆபத்து. மெதுவாகக் கையால் ஏற்றுங்கள், மின்திருகி வேண்டாம். அலுமினியத்துக்குள் போகும் போல்ட் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும், எம்5க்கு 7.5 மி.மீ.

கேள்வி: துருப்பிடித்த 12.9 போல்ட்டை வினிகரில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா?

கூடாது. அமிலத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் இவ்வளவு கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். இறுக்கிய சில மணி நேரமோ நாட்களோ கழித்து, யாரும் தொடாமலே தலை தெறிக்கும். புதியது வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய போல்ட் உண்மையிலேயே டைட்டானியமா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

காந்தம் ஒட்டினால் இல்லை. ஒட்டாவிட்டாலும் போதாது, அலுமினியமும் சில ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டாது. பத்து போல்ட்டுகளை 0.01 கிராம் தராசில் நிறுத்து, பிறகு தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, போல்ட்டுகளை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்குங்கள். தராசு காட்டும் கிராம்தான் அவற்றின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் 4.4 அளவில் வர வேண்டும். 2.8 என்றால் அலுமினியம், 7.9 என்றால் ஸ்டெயின்லெஸ். முழுக்கும்போது மரையில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு குறைவாக வரும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை கலப்பில்லாத டைட்டானியமான கிரேடு 2க்கும் கிரேடு 5க்கும் வித்தியாசம் காட்டாது. கிரேடு 2இன் வலிமை பாதிக்கும் கீழே. வலிமையை எழுத்தில் தராத விற்பனையாளரின் போல்ட்டைப் பாட்டில் கூண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.